சோற்றுக்கற்றாழை: வீட்டிலேயே கன்று பெருக்குதல்

வறட்சியைத் தாங்கி வளரும் மூலிகைகளுள் சோற்றுக்கற்றாழை குறிப்பிடத்தக்கது. இராஜஸ்தானில் இது 'குவார்பாட்டா' என்னும் பெயரில் கறியாகவும் சமைக்கப்படுகிறது. பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமிலவாயுவை ஏற்பதால் இதன் நீரிழப்பு மிகக் குறைவு.

இதனைப் பயிரிட முனையும் சிறு விவசாயிக்குக் கன்றுகளே பெருஞ்செலவு. 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 11,000 கன்றுகள் தேவை. அவற்றை வாங்கக் கடன்படுவதைவிட, சில தாய்ச்செடிகளைக் கொண்டு வீட்டிலேயே பெருக்குவது சிக்கனமாகும்.

விதையிலிருந்து வளர்ப்பதற்கு நெடுநாள் ஆகும். வெட்டிய மடலை நட்டாலோ, அதன் நீர்மிகுந்த சதை வேர்விடாமல் பெரும்பாலும் அழுகிவிடும். தாய்ச்செடியின் அடியில் தோன்றும் பக்கக்கன்றுகளே ஏற்றவை.

10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள கன்றை வேருடன் பிரித்தெடுத்து, வெட்டுவாய் உலரும்வரை இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைக்க வேண்டும். பின்னர், அடியில் துளையுள்ள தொட்டியில் மணல் கலந்த மண் நிரப்பி, குருத்து புதையாதவாறு நட வேண்டும். வேரூன்றும்வரை கடும் வெயில் ஆகாது. மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். நாள்தோறும் ஊற்றும் நீரால்தான் பல கன்றுகள் வேரழுகி மடிகின்றன.

அறுத்த மடல்கள் விரைவில் தரம் குன்றுபவை. ஆகவே, அருகில் பதப்படுத்தும் வசதியும் வாங்குவோரும் இருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே, வீட்டுத் தொட்டியிலிருந்து வயலுக்குச் செல்லுமாறு விரிவாக்க அலுவலர்கள் விவசாயிகளுக்கு அறிவுறுத்துதல் நலம்.