நாகசுரம் கேட்க ஒரு வால்வு ப்ரீஆம்ப்: எதை வாங்கலாம்?

நாகசுரத்தை வீட்டுக்குள் கேட்பது சுலபமில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் அந்த வாத்தியம் கோயில் வீதிக்கென்றே பிறந்தது. சீவாளியிலிருந்து கிளம்பும் மேல் நாதங்கள் அத்தனை வலிமையானவை. டைல்ஸ் தரையும் கான்கிரீட் தளமும் உள்ள சின்ன அறையில் அதை ஒலிக்கவிட்டால் காது சீக்கிரம் களைத்துவிடும். வால்வு ப்ரீஆம்ப் வைத்தால் சவுண்ட் இதமாகுமா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கனமான ஜமக்காளம் ஒன்றை விரியுங்கள், எதிர்ச்சுவரில் திரை போடுங்கள். அதற்குப் பிறகும் கூர்மை தெரிந்தால் வால்வு பக்கம் வரலாம்.

வால்வு தரும் இதம் மாயமில்லை. ஸட்ஜம் ஒலித்தால், மூலத்தில் இல்லாத மேல் ஸட்ஜத்தையும் துளி சேர்த்துத் தருகிறது. சுருதியின் இரண்டு மடங்கு அதிர்வு அது. மூன்று மடங்கும் சிறிது வரும். அது அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். தம்புராவிலேயே இவை இரண்டும் கேட்டுப் பழகிய காது என்பதால் நமக்கு உறுத்துவதில்லை, குரல் கொஞ்சம் சதை பிடித்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் நாகசுரமும் ஒத்தும் தவிலும் ஒரே நேரத்தில் முழங்கும்போது இதே குணம் வேறு வேலையும் செய்யும். எந்த ஸ்வரத்திலும் சேராத கூட்டல் கழித்தல் ஒலிகள் உண்டாகி, தவிலின் சொற்கள் குழம்பும். ஆகவே நாகசுரம் கேட்கிறவர்கள் 'ரொம்ப வார்ம்' என்று விற்கப்படுவதைத் தேட வேண்டாம். அளவாகச் சேர்ப்பதே போதும்.

அடுத்து கெயின். கடைக்காரர்கள் பேசாத, ஆனால் தேர்வைத் தீர்மானிக்கிற விஷயம் இது. சிடி ப்ளேயரோ டாக்கோ சுமார் 2 வோல்ட் தரும். பவர் ஆம்ப் முழுச் சத்தம் போட ஏறக்குறைய 1 வோல்ட் போதும். அதாவது பெருக்க வேண்டிய தேவையே கிடையாது. இந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7 வால்வு உள்ள ப்ரீஆம்பை வைத்தால் (அதன் பெருக்கக் காரணி 100) வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பியதுமே வீடு அதிரும். குமிழின் அந்த ஆரம்பப் பகுதியில் இடதும் வலதும் சமமாக இருக்காது. பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். சிடி, டாக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 12ஏயூ7 அல்லது 6எஸ்என்7 வைத்த லைன் ப்ரீஆம்ப்தான் ஏற்றது. இரண்டின் காரணியும் 20-ஐ ஒட்டியது. என் விருப்பம் 6எஸ்என்7. பெரிய எட்டுக்கால் வால்வு, குரலுக்கு அமைதியாக இருக்கும். ஷிட் நிறுவனத்தின் ஃப்ரேயா ப்ளஸ்ஸில் இதுவே 4 உண்டு. வால்வே வேண்டாம் என்ற வேளையில் அதைத் தவிர்த்துக் கேட்கும் வழியும் ரிமோட்டில் இருப்பதால், வால்வு என்ன சேர்க்கிறது என்பதை உங்கள் வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரெக்கார்டு கேட்பவர் கதை வேறு. எம்எம் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். அங்கே 12ஏஎக்ஸ்7 தன் முழுத் திறமையையும் காட்டும். ஃபோனோ பகுதி உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஃபோனோ பகுதியின் ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் 1954 வாக்கில் நிலைபெற்றது. நாகசுர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956-ல். அவர் காலத்து 78 சுழற்சித் தட்டுகளை எல்பி ஊசியில், இந்த ஈக்வலைசேஷனில் போட்டால் நாதம் சரியாக வராது. அவற்றுக்கு அகலமான ஊசியும், ஈக்வலைசேஷனை மாற்றும் வசதியும் வேண்டும். எந்த வால்வும் அந்தக் குறையை மூடாது.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 6ஜே1 வால்வுப் பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. நூறு வோல்ட்டுக்கு மேல் பெற வேண்டிய வால்வு, 12 வோல்ட் அடாப்டரை நம்பி ஓடுகிறது. பலவற்றில் கண்ணாடிக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி ஒன்று எரியும். அந்த வெளிச்சத்தை வால்வின் கனல் என்று நம்பி வாங்குகிறோம். எதிர்முனையில் டைனகோ பாஸ்-3 போன்ற பழைய அமெரிக்கப் பெட்டிகள். அழகானவை, ஆனால் நான்கு 12ஏஎக்ஸ்7 கொண்ட அந்த ப்ரீஆம்ப் அக்கால வால்வு பவர் ஆம்போடு சேர வடிவமைத்தது. இன்றைய ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்பில் இணைத்தால் அடிநாதம் குறையும். கணக்கு எளிது: ப்ரீஆம்பின் வெளியேறும் வழியில் 0.47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருந்து, பவர் ஆம்பின் உள்வாங்கும் தடை 10 கிலோ ஓம் என்றால் 34 ஹெர்ட்ஸிலேயே சரிவு வந்துவிடும். 47 கிலோ ஓம் என்றால் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். தவிலின் தொப்பிப் பக்கம் முழுதாகக் கேட்க வேண்டுமென்றால் பவர் ஆம்பின் இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

இனி கரண்ட். வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து சதவீதம் ஏறி இறங்கினால் தாங்கும். ஊர்க்கோடியில் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அவை நின்றதும் ஏறும். ஆகவே ஹீட்டருக்கும் உயர்வோல்ட்டுக்கும் ரெகுலேட்டர் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தயங்க வேண்டாம். ரிலே ஸ்டெபிலைசர் 'டக்' என்று மாறும்போது அந்த அதிர்ச்சி ஸ்பீக்கரிலும் கேட்கலாம். சர்வோ ஸ்டெபிலைசர் சீராக மாற்றும். கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் கேட்பவர், அது சைன் வேவ்தானா என்று உறுதி செய்துகொள்ளட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஒரு ரீங்காரம் ஆலாபனைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜப்பான் 100 வோல்ட், அமெரிக்க 120 வோல்ட் பெட்டிகளுக்கு ஸ்டெப்டவுன் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும்.

வாங்கும் இடத்தில் ஒரு சோதனை. பாட்டை நிறுத்தி, வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவில் வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் லேசான 'டொக்' வந்தால் பரவாயில்லை. கிண்ணென்று மணியோசை நீண்டால் அந்த வால்வு வேண்டாம். தவில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது தானும் சேர்ந்து ஒலிக்கும். அடுத்து காதை ஸ்பீக்கரின் அருகில் வைத்து ஹம் இருக்கிறதா என்று கேளுங்கள். உட்காரும் இடத்தில் கேட்காத ஹம்மைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மாற்று வால்வையும் அதே நாளில் வாங்கிவிடுவது நல்லது. ஒரு சிறிய வால்வு 5,000 மணி நேரம் உழைத்தால், தினம் 4 மணி நேரம் கேட்பவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் வரும். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே வால்வுகள் புதிதாகவே கிடைக்கின்றன. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த பெல் ஈசிசி83 பழைய இருப்பில் அகப்பட்டால், 12ஏஎக்ஸ்7 வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம், இரண்டும் ஒன்றே. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சாக்கெட் பின்கள் கறுத்து கரகரப்பு வரும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உள்ளிருக்கும் கப்பாசிட்டர்கள் இறங்கக் கால் மணி நேரம் விட்டு, வால்வு ஆறியதும் நேராக மேலே இழுத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.