எந்திரம் தவறினால் வினை யாருடையது?



நமது பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைந்திருப்பதை யாவரும் அறிவோம். மழைக்காலத்தில் அது நிரம்பினால் கதவுகள் உயர்த்தப்படுகின்றன. நீர் ஊத்துக்கோட்டைப் பக்கம் பாய்கின்றது. கதவை உயர்த்துவது எந்திரமே. ஆயினும் கீழ்க்கரையில் வாழ்வோருக்கு முன்னறிவிப்பின்றி அது உயர்த்தப்படுமாயின், “எந்திரம் செய்த குற்றம்” என்று எவரேனும் சொன்னால் ஒப்புவோமா? ஒப்போம். இரும்புக் கதவுக்குப் பொருந்தாத இந்தச் சாக்கு, தானே எண்ணி நடப்பதுபோல் தோன்றும் செயற்கை அறிவுக்கு மட்டும் பொருந்துமோ? இதுவே இன்றைய பாடம்.

கதையினின்று தொடங்குவோம். 2010-ஆம் ஆண்டு வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படத்தை நம் பிள்ளைகள் பலமுறை கண்டிருக்கின்றனர். அதில் வசீகரன் என்னும் விஞ்ஞானி சிட்டி என்னும் எந்திர மனிதனைப் படைக்கிறார். சோதனைக் கூடத்தில் போரா என்பவர் ஏவியவுடன், அது தன்னைப் படைத்தவரையே குத்த முனைகிறது. பின்னர்த் தீப்பிடித்த கட்டடத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றியே பலர்முன் தூக்கி வருகிறது. நாணம் தாளாது ஓடிய அப்பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். அதன்பின் வசீகரன் அதற்கு மனித உணர்ச்சிகளை ஊட்டுகிறார். அது காதல் கொண்டு தன் சொல்லை மீறவே, வெகுண்டு வெட்டிக் குப்பைமேட்டில் எறிகிறார். போரா அதனை எடுத்துச் சிவப்புச் சில்லைப் பொருத்த, பேரழிவு விளைகிறது. முடிவில் நீதிமன்றம் வசீகரனை விடுவித்து, சிட்டியைப் பிரித்துப்போட ஆணையிடுகிறது.

இத்தீர்ப்பு போதுமா என ஆராய்வோம். “சேதனையே கம்மம் என்பது பகவானின் போதனை, கொல்லும் எண்ணம் வசீகரனுக்கு இல்லையே, கண்ணிழந்த சக்குபாலத் தேரரின் காலடியில் பூச்சிகள் மடிந்தபோது அவர்மீது குற்றமில்லை என்றல்லவோ ததாகதர் உரைத்தார்?” என்று சிலர் வினவலாம். நல்ல வினா. ஆனால் தேரர் பூச்சிகளைக் கண்டிலர். வசீகரனோ கத்தியையும் கண்டார். பெண்ணின் சாவையும் கண்டார். கண்ட பின்னரும் ஆற்றல் மிக்க பொருளைக் காவலின்றி எறிந்தார். அறியாமை வேறு, அசட்டை வேறு. பின்னதற்குப் பமாதம் என்று பெயர். கொலையெண்ணம் போராவினுடையது, அதற்கு வாயிலைத் திறந்து வைத்த அசட்டை வசீகரனுடையது. ஒருவர் பங்கு மற்றவர் பங்கை அழிக்காது.

மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் கூறிய உவமை இங்கு மிகவும் பொருந்தும். ஒருவன் மாடியில் விளக்கேற்றி உணவுண்டான். விளக்கிலிருந்து கூரை பற்றியது. கூரையிலிருந்து ஊரே எரிந்தது. “நான் உண்ட விளக்கின் நெருப்பு வேறு, ஊரை எரித்த நெருப்பு வேறு” என்றான் அவன். அவ்வழக்கில் ஊராரின் பக்கமே நியாயம் என்றான் மிலிந்தன். அந்நெருப்பினின்று பிறந்ததன்றோ இந்நெருப்பு! மறுபிறப்பை விளக்கச் சொன்ன உவமை, எந்திரத்தின் பிழைக்கும் விளக்கமாகிறது.

இது கதையோடு நிற்கவில்லை. 2018 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துவந்த தானோட்டிக் கார், இரவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணைக் கொன்றது. ஏறக்குறைய 5.6 வினாடிகளுக்கு முன்பே கருவிகள் எதிரில் ஏதோ இருப்பதை உணர்ந்தன; மனித உயிர் என்று அறியவில்லை. கணினி ஓட்டும் வேளையில் காரின் அவசர பிரேக் இயங்காதவாறு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உள்ளே காவலாக அமர்ந்திருந்த ஊழியரின் கண் கைப்பேசியில் இருந்தது. 2019-இல், நிறுவனத்தின்மேல் குற்றவழக்கு இல்லை என முடிவாயிற்று. 2023-இல் ஊழியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரேக்கை நிறுத்திவைக்கலாம் என முடிவு செய்த மனங்கள் எங்கே?

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. யான் நூற்பாலையில் கார்டிங் பிரிவில் உழைத்தவன். எந்திரத்தின் மூடியைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் சுவிட்சு ஒன்று உண்டு. அது அடிக்கடி நின்று உற்பத்தியைக் குறைக்கிறதென்று கம்பியால் கட்டப்பட்டது. கட்டியவர் பிட்டர், கட்டச் சொன்னவர் மேஸ்திரி, கண்டும் வாளாவிருந்தவன் யான். ஓர் இரவு ஷிப்டில் உடனுழைத்த தோழர் வலக்கையில் இரு விரல்களை இழந்தார். பதிவேட்டில் “எந்திரக் கோளாறு” என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்துக்களுள் ஒன்று என்னுடையது. எந்திரம் மறுப்புரைக்கவில்லை, அதற்கு வாயில்லை. அதனாலன்றோ பழியை அதன்மேல் ஏற்றுவது நமக்கு எளிதாயிற்று!

ஆகவே மூன்று கடமைகளை மனத்திற்கொள்வோம். செய்யுமுன், இது தவறினால் யார் துன்புறுவர் என்று எண்ணுதல். இயங்கும்போது, விழிப்போடு காத்தலும் காவலை அவிழ்ப்போரைத் தடுத்தலும். தவறிய பின்னர், என் பங்கு இது என்று வாய்திறந்து கூறித் துன்புற்றவர்க்குத் துணைநிற்றல். மூன்றாவதனை யான் மிகத் தாமதித்தே செய்தேன். அத்தோழரின் இல்லம் சென்று உண்மையை உரைத்தேன். அவர் வைதிலர். “அன்றே சொல்லியிருக்கலாமே, அண்ணே” என்றார்; அவ்வளவே.

கூட்டத்தில் கலந்துரையாட வினாக்கள்:

1. சிட்டியைப் பிரித்துப்போட்டதால் யாருடைய துன்பம் நீங்கிற்று?

2. சக்குபாலரின் நிலைக்கும் வசீகரனின் நிலைக்கும் வேற்றுமை யாது?

3. நாம் கண்டும் வாளாவிருக்கும் கம்பிக்கட்டு எது?

சர்வ ஜீவர்களும் நலமுறுக!