கூட்டு வேலைக்கு அளவு சொல்ல வேண்டியவர் யார்?

தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு 'பேர்' என்ற சொல்லை நாம் விளக்கத் தேவையில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். அந்த நிறையைத் தீர்மானிப்பவர் கொழுந்து பறிப்பவர் அல்லர். பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது, "இந்த மலையில் இன்றைக்கு எவ்வளவு பறிக்கலாம்?" என்று அவரை எவரும் கேட்பதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபின் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய நிறை கூட்டப்பட்டதும், அதனால் பிணக்குகள் எழுந்ததும் நாம் அறிந்தவையே. ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. மேலிருந்து அளவு வரும் வழக்கம் மட்டும் இன்னும் நூதனசாலைக்குப் போகவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயலின்போது ஏற்பட்ட மண்சரிவுகளால் கண்டிப் பகுதியில் வீட்டையும் நிலத்தையும் விட்டு இறங்கிய குடும்பங்களுக்கு இது பழங்கதை அன்று. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சரிவைத் திருத்திப் பயிரிடத் தொடங்கும்போதும் அதே பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. கூட்டத்தில் உரத்துப் பேசுபவர், "இரண்டு வாரத்தில் கான் வெட்டி முடித்துவிடலாம்" என்கிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இரண்டு வாரம் இரண்டு மாதமாகிறது. ஒக்டோபர் மழை அரைகுறைக் கானில் இறங்குகிறது. அரைகுறைக் கான், கானே இல்லாததைவிட ஆபத்தானது. நீரை ஓரிடத்தில் தேக்கி மண்ணுக்குள் இறக்கிவிடும்.

இதே சிக்கலில் நெடுங்காலம் அவதிப்பட்டவர்கள், நாம் எதிர்பாராத ஒரு கூட்டத்தார்: கணினிக்கு மென்பொருள் எழுதுபவர்கள். மேலதிகாரி நாள் குறிப்பார், வேலை முடியாது. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, 'அஜைல்' என்று இன்று அழைக்கப்படும் வேலைமுறைக்கான கொள்கைகளை எழுதினார்கள். வேலையைச் சிறு துண்டுகளாக்கு, குறுகிய காலத்தில் ஒன்றை முழுமையாக முடித்துக் காட்டு, அளவை வேலை செய்பவரே சொல்லட்டும் என்பனவே அம்முறையின் சாரம். இதற்குக் கணினி வேண்டியதில்லை, புளியங்கொட்டை போதும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலையை அளவுகோலாக எடுங்கள். ஒரு படிநிலத்தில் புல் வெட்டித் துப்புரவாக்குவதற்கு 2 கொட்டை என்று வைப்போம். மற்ற வேலை ஒவ்வொன்றும் இதைவிட எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது? எத்தனை நாள் என்று கேட்டால் நாம் தடுமாறுவோம். எது பெரிது என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்வோம். ஒவ்வொருவரும் தம் கணிப்பை கொட்டைகளாகக் கைக்குள் மூடி வைத்திருந்து, ஒரே நேரத்தில் கைவிரிக்க வேண்டும். 1, 2, 3, 5, 8 ஆகிய எண்களுக்கு மட்டுமே இடம். வேலை பெரிதாகப் பெரிதாக நுணுக்கமான கணிப்பு பொய்யாகிவிடும் என்பதால்தான் இந்த இடைவெளி. (இவ்வெண் வரிசை இத்தாலியரான பிபொனாச்சியின் பெயரால் வழங்கினாலும், செய்யுளின் மாத்திரைகளை எண்ணிய ஹேமச்சந்திரர் அவருக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், இதைச் சொல்லியிருந்தார்.) 8ஐ மிஞ்சும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்.

கான் வெட்டுவதற்குப் பலர் 3 காட்ட, ஒரு பெண் 8 காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைச் சிரித்து அடக்கிவிடக் கூடாது. மிகக் கூடக் காட்டியவரும் மிகக் குறையக் காட்டியவரும் காரணம் சொல்லட்டும். அங்கே மண்ணுக்கடியில் பாறை இருப்பது விறகு பொறுக்கப் போன அவருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டபின் மறுபடி கைவிரியுங்கள். ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் 2002இல் சீட்டுகளைக் கொண்டு விவரித்த முறை இது. நமது ஊர்களில் பெரியவர் ஒன்றைச் சொன்னபின் மருமகள் மறுத்துப் பேசமாட்டாள். மூடிய கை அவளைப் பேசவைக்கிறது.

கணிப்பு மட்டும் போதுமா? போதாது. 1979இல் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியலாளர் காட்டியதுபோல, மனிதர் தம் வேலையைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கானமன் சொன்ன ஓர் அனுபவம் உண்டு. இஸ்ரேலில் ஒரு பாடநூல் தயாரிக்கும் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய கணிப்பு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். இத்தகைய மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று அங்கிருந்த அனுபவசாலியைக் கேட்டபோது, ஏழு முதல் பத்து ஆண்டுகள் என்றார். அவர்களுக்கு எட்டு ஆண்டுகள் சென்றன. அந்த அனுபவசாலியும் தம் தாளில் இரண்டு ஆண்டையொட்டியே எழுதியிருந்தார்!

ஆகவே நடந்து முடிந்ததை எண்ணுங்கள். முதல் இரு வாரத்தில் முழுதாக முடிந்த வேலைகளின் கொட்டைகளைக் கூட்டினால் 13 வருகிறதென்போம். அரைகுறை வேலைக்குப் பூச்சியம். அடுத்த இரு வாரத்துக்கும் 13ஐயே எடுங்கள். கூலிக்குப் போன நாள், தண்ணீர் சுமந்த நேரம், நிவாரண வரிசையில் நின்ற பொழுது எல்லாம் அந்த 13க்குள்ளேயே அடங்கிவிட்டன. தனியாகக் கழிக்கத் தேவையில்லை. மீதி வேலை 78 என்றால் ஆறு தடவை, அதாவது பன்னிரண்டு வாரம். ஓகஸ்ட் தொடக்கத்தில் இதைக் கணக்கிட்டால் ஒக்டோபர் கடைசியில்தான் முடியும். அதற்குள் மழை வந்துவிடும். செப்டெம்பர் முடிவுக்குள் 52 மட்டுமே ஆகும். எந்த 26ஐத் தள்ளிவைப்பது என்று ஓகஸ்டிலேயே கூடிப் பேசலாம். கானா, கோழிக்கூடா? உறக்கத்தைக் குறைத்து இந்தக் கணக்கை வெல்ல முயல்பவர் காய்ச்சலில் படுப்பார். கணக்கு அப்படியே இருக்கும்.

சரிவின் பாதுகாப்பைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் கூறாத இடத்தில், மண்வெட்டும் வேலைக்குக் கொட்டையே வைக்கக் கூடாது. முதல் வேலை, அவர்களிடம் கேட்டறிவதுதான்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறோம். உங்கள் 13ஐப் பக்கத்துக் குழுவின் 20உடன் ஒப்பிட எவரையும் விடாதீர்கள். அவர்களது கொட்டை வேறு, உங்களது வேறு. உதவி வழங்கும் அலுவலகம் அதை இலக்காக்கி, "அடுத்த மாதம் 18 வேண்டும்" என்றால், கொட்டைகள் கூடும், வேலை கூடாது. 'பேர்' மறுபடி வந்துவிட்டதென்று அறிந்துகொள்ளுங்கள். அயலிலுள்ள சிங்களக் கிராமங்களின் 'அத்தம்' முறையில், இன்று என் வயலில் நீ, நாளை உன் வயலில் நான். அந்தக் கணக்கை வைத்திருப்பவர்கள் உழைப்பவர்களே.

குழுவில் கலந்துரையாட:

உங்கள் குழுவில் கடைசியாக நாள் குறித்த வேலை எது? அந்த நாளை முதலில் சொன்னவர் யார்? உண்மையில் எத்தனை நாள் பிடித்தது?

கூட்டத்தில் இதுவரை பேசாதவர்கள் எவரெவர்? அவர்களுள் ஒருவரிடம் கொட்டைகளைக் கொடுத்து, அடுத்த கூட்டத்தை அவரே நடத்தும்படி கேளுங்கள்.