உணர்ச்சியற்ற காலில் எலும்பு முறிவு

மரம் ஏறுவோர் மிகுந்த மலைநாட்டில் முதுகுத்தண்டில் அடிபடுதல் அரிதன்று. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் மிளகு பறிக்கவும் தேங்காய் இறக்கவும் ஏறுவோர் தவறி விழுந்து தண்டுவடம் சிதைவுறின், அவ்விடத்துக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் அற்றுப்போகக் கூடும். ஆனைக்கரை போன்ற ஊர்களில் இத்தகையோரின் இல்லங்களுக்குச் செல்லும் பணியாளர்கள் படுக்கைப் புண்ணையும் சிறுநீர்த் தொல்லையையும் நன்கறிவர். மூன்றாவது இடராகிய கால் எலும்பு முறிவோ, நோவு இல்லாமையால் எளிதில் கண்ணுக்குத் தப்புகிறது.

எலும்பு நலிவது ஏன்?

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்து நீக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் அதில் இடையறாது தொழிற்படுகின்றன. உடலின் பாரமும் தசைகளின் இழுப்புமே கட்டும் தொழிலுக்குத் தூண்டுகோல். அவை நின்றபின் அரிப்பு மேலோங்குகிறது. சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் வெளியேறுகிறது. முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் இவ்விழப்பு மிகுதி. முழங்காலை ஒட்டிய பகுதிகள், அதாவது தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும், பெரிதும் நலிவுறுகின்றன. ஆதலின் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுகையில் பாதம் சிக்கித் திரும்பினாலே எலும்பு முறியலாம்.

ஆறுவதில் தாமதம்

நலமுடையவரின் கீழ்க்கால் எலும்பு கூடுவதற்கே ஏறத்தாழ 4 மாதங்கள் ஆகலாம். செயலிழந்த காலில் தடைகள் பல. முறிவு பிந்தியே அறியப்படுகிறது. அதற்குள் முனைகள் விலகிவிடுகின்றன. தசை வலிப்பு அவற்றை மேலும் அசைக்கிறது. மெலிந்த எலும்பில் திருகாணி உறுதியாகப் பிடிப்பதில்லை. இறுகிய மாவுக்கட்டின் அழுத்தம் உணரப்படாமையால் உள்ளே புண் உண்டாகிறது. சிலரிடம் புதிய எலும்பு மிகுதியாகத் தோன்றுவதுண்டு. எனினும் மிகுதியே உறுதி எனக் கொள்ளலாகாது.

கண்டறிதலும் உதவியும்

ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, செம்மை, வடிவ மாற்றம், காய்ச்சல், வழக்கத்தினும் மிகுந்த தசை வலிப்பு ஆகியவை எச்சரிக்கைகள். 'நோவு இல்லை' என்னும் விடையை நம்பி அமைதல் கூடாது. இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டாலும் இதே வீக்கம் தோன்றும்; ஆகவே தைலம் தேய்த்தலும் காலை மடக்கி நீட்டுதலும் அறவே தகா. மெத்தையிட்ட அணைகட்டையில் காலைத் தளர்வாகத் தாங்கி, எக்ஸ்ரே எடுக்குமிடத்துக்கு அனுப்புக. ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரெனக் கடுந்தலைவலியும் வியர்வையும் தோன்றினால், இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. தலையை உயர்த்தி, ஆடையைத் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் அடைபட்டுள்ளதா எனப் பார்த்து, தாமதியாது மருத்துவமனை சேர்க்க. கட்டுப் போட்டபின் குதிகாலையும் கட்டின் விளிம்புகளையும் நாள்தோறும் பார்வையிடல் வேண்டும். புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் எடுத்துரைக்க.

ஒரு முன்மாதிரி

கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிகையில், 1954-இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர்தம் முயற்சியின் பயன். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தண்டுவடக் காயத்துக்குப் பின்னும் பயனுள்ள நெடுவாழ்வு இயலும். கவனியாது விட்ட ஒரு கால் முறிவு அதனைப் பறித்துவிடக் கூடாது.

வினாக்கள்

1. நோவின்மை எலும்பு முறிவை எவ்வாறு மறைக்கிறது?
2. வீங்கிய காலில் தைலம் தேய்த்தல் ஏன் தீங்கானது?
3. மாவுக்கட்டை நாள்தோறும் பார்வையிடுவது எதற்காக?