தோளில் ஒரு ஊசி

நவி மும்பையில் வாஷி என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய வெங்காய மண்டி உண்டு. லாரி லாரியாக வெங்காயம் வந்து இறங்கும். மூட்டை தூக்கும் தொழிலாளியை அங்கே 'மாத்தாடி' என்பார்கள். இவர்களுக்காக 1969-ஆம் ஆண்டிலேயே மகாராஷ்டிராவில் தனிச் சட்டம் வந்தது.

அப்படி மூட்டை தூக்கும் ஒருவருக்கு ஐம்பது வயது. ஒருநாள் மூட்டை இறக்கும்போது கால் வழுக்கியது. சரியும் மூட்டையைக் கையால் தாங்கினார். வலது தோளில் சுரீர் என்றது. அன்று இரவு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. காலையில் சட்டை போடக் கை உயரவில்லை.

வேலைக்குப் போகாவிட்டால் கூலி ஏது? தெருமுனையில் ஒருவர் ஊசி போடுவார். அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைப்பவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். இவரும் போட்டுக்கொண்டார். என்ன மருந்து என்று அவர் சொல்லவில்லை; இவர் கேட்கவும் இல்லை. இரண்டு நாளில் வலி போய்விட்டது. உடனே மூட்டை தூக்கப் போனார். சில வாரத்தில் வலி திரும்பியது. மறுபடியும் ஊசி. மூன்று மாதத்தில் நான்கு ஊசி! பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை. ஓயாத தாகம் வேறு.

அவருடைய மகன் ஜிம்முக்குப் போகிறவன்.

"அப்பா, எங்கள் ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி கிடைக்கும். சதை ஏறும். தோளும் சரியாகும்" என்றான்.

"இன்னும் ஒரு ஊசியா? நாளைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்றார் மனைவி.

டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பு முறியவில்லை. ஆனால் தசைநார் பாதி கிழிந்திருந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது.

தோள் மூட்டு என்பது சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்த பெரிய பந்து. பந்து நழுவாமல் நான்கு தசைகளின் நார்கள் பிடித்துக்கொள்கின்றன. அதில் ஒன்றுதான் கிழிந்தது.

"உங்களுக்குப் போட்டது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். அது வீக்கத்தைக் குறைக்கும். வலியை அடக்கும். கிழிந்த நாரை ஒட்டாது. திரும்பத் திரும்பப் போட்டால் நாரே நலிந்துபோகும். சர்க்கரையையும் ஏற்றும்" என்றார் டாக்டரம்மா.

"அப்படியானால் அது விஷமா, அம்மா?"

"இல்லை ஐயா. நல்ல மருந்துதான். நானே சிலருக்குத் தோளில் போடுகிறேன். வலி குறையும் அந்த நாட்களில் பயிற்சி செய்து தோளைத் தேற்ற வேண்டும். நீங்கள் அந்த நாட்களில் மூட்டை தூக்கினீர்கள்."

அவர் தலை குனிந்தார்.

மகன் ஜிம் ஊசியைப் பற்றிக் கேட்டான். அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் வேறு வகை. ஆண்களின் உடலில் சுரக்கும் பொருளைப் போன்றது. அதைப் போட்டுப் பளு தூக்கினால் சதை வேகமாகப் பெருக்கும். நார் அதே வேகத்தில் பலப்படாது. அதனால் அறுந்துபோகலாம். விரை சுருங்கலாம். இதயமும் ஈரலும் கெடலாம். விளையாட்டில் இத்தகைய ஊக்கமருந்தைத் தடுக்க 2022-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. மகன் வாய் திறக்கவில்லை.

மனைவிக்கு 2021-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை நோயில் பலர் கண்ணை இழந்தார்களே! சர்க்கரை நோயும், அளவில்லாமல் கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால் மூச்சுத் திணறிய பலரை அதே ஸ்டீராய்டு பிழைக்க வைத்ததும் உண்மை.

ஒன்றை டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். பல வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தக்கூடாது. அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

இவருக்கு ஊசி எழுதவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையும் தோளுக்குப் பயிற்சியும் கொடுத்தார். மூன்று மாதம் மூட்டை தூக்கக்கூடாது. மண்டியில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது. கூலி குறைவுதான். மனைவி மாலையில் வெங்காயம் தரம் பிரிக்கப் போகிறார்.

தினமும் காலையில் அவர் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்துகிறார். விரல் எட்டிய இடத்தில் மகன் பென்சிலால் கோடு போடுகிறான். இன்றைய கோடு நேற்றையதைவிட ஒரு விரல் உயரம்.