ஐந்து மலைகளின் நடுவே ஒரு தவபூமி

பீகாரின் ராஜகிருஹம் ஐந்து மலைகள் சூழ்ந்த பழம்பதி. மகதத்தின் தலைநகராய் விளங்கிய இங்கே அதிகார வேட்கையும் துறவும் அருகருகே வாழ்ந்தன. ஜராசந்தன் மன்னர்களைச் சிறையிட்டது இந்நகரில்தான் என்கிறது மகாபாரதம். புத்தபிரானுக்கு வேணுவனத்தை அளித்த பிம்பிசாரனை, அரியணை வேட்கையால் மகன் அஜாதசத்ருவே சிறையிலடைத்தான்.

கிருத்ரகூட மலையில் புத்தர் உபதேசம் அருளினார். அவரது பரிநிர்வாணத்திற்குப் பின் முதல் பௌத்த சங்கம் இங்கே கூடியது என்பது பௌத்த மரபு. சமணருக்கு இது இருபதாம் தீர்த்தங்கரர் முனிசுவிரதரின் பிறப்பிடம். மகாவீரர் 14 மழைக்காலங்களை இங்கும் நாளந்தாவிலும் கழித்தார் என்று கல்பசூத்திரம் கூறும். பதினான்காம் நூற்றாண்டின் சூஃபி ஞானி ஷரஃபுத்தீன் யஹ்யா மனேரி இம்மலைக்காட்டில் தவம் புரிந்தார். மக்தூம் குண்டம் அவரை நினைவூட்டுகிறது. வெந்நீர் ஊற்றுகளுக்கிடையே உள்ள சீதள குண்டம், குருநானக்கின் அருளால் குளிர்ந்தது என்று சீக்கியர் போற்றுவர். பிரம்ம குண்டத்தில் இந்துக்கள் நீராடுகின்றனர்.

பின்னர் தலைநகர் பாடலிபுத்திரத்திற்கு மாறியது. மன்னர்களின் கோட்டைமதில் இன்று சிதைந்த கற்குவியல். நிலத்தை உடைமையாக்க முயன்றோர் மறைந்தனர். எதையும் உரிமை கோராது தவமியற்றியோரின் நினைவோ வழிபாடாக வாழ்கிறது. புனிதத்தலத்தை ‘எனது’ என்று எண்ணும் சாதகன், தான் யாருடைய வழியில் நடக்கிறான் என்று சிந்திப்பானாக.