ஓராண்டிற்கு ஒரு நூல்

புத்தாண்டு பிறக்குங்கால் ஏதேனும் ஒன்றைத் தொடங்கி வைத்தல் எம்மவர் வழக்கம். வணிகர் புதுக்கணக்கு எழுதுவர். சித்திரை வருடப் பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகிய பிள்ளைகள் பெரியோர் கையாற் கைவிசேடம் பெறுவர். இவ்வரிசையிலே, ‘இவ்வாண்டில் இத்தனை நூல் வாசிப்பேன்’ என்று வரைந்துகொள்ளும் வழக்கமும் அண்மைக்காலத்தில் மாணவரிடையே வந்து சேர்ந்துள்ளது. வழக்கம் நன்றே. ஆயினும், தை மாதத்திற் பிறந்த அவ்வரைவு மாசி கழியுமுன்னே மடிந்து போவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். அது மடிவதற்குக் காரணம் யாது, மடியாமற் காத்தற்கு வழி யாது என்பதனைக் கல்லூரியின் விழா மலர் வாயிலாக மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எம் வகுப்பு மாணவர் தாமே எழுதித் தந்த வாசிப்புக் குறிக்கோள்களை ஒருமுறை ஒருங்கு வைத்து நோக்கினோம். ஒருவர் ஐம்பது நூல் என்று எழுதியிருந்தார். மற்றொருவர் வாரத்துக்கு இரண்டு என்றார். இன்னொருவர் கல்லூரி நூலகத்திலே கதைநூல் இருக்கும் அலுமாரி முழுவதும் என்றார். இன்ன நூல் என்று பெயர் குறித்தவர் மிகச் சிலரே. எண் இருந்தது, நூல் இல்லை. இணையத்திலே ஆண்டு முடிவிற் படித்த நூலை எண்ணிக் காட்டும் வழக்கு உலகெங்கும் பரவியுள்ளமையால் மாணவர்மேற் குறைகூற இடமில்லை. ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஐம்பதை எட்டவேண்டும் என்று ஓடுவோன் மெல்லிய நூலையே தேடி எடுப்பான். கந்தபுராணமோ கம்பராமாயணமோ அவன் கணக்கில் ஒருநாளும் ஏறாது. ஓராண்டு முழுவதையும் விழுங்கிவிட்டு, முடிவில் ‘ஒன்று’ என்று நிற்கும் நூலை எவன் விரும்புவான்?

இஃது ஒருபுறமாக, பரீட்சை மறுபுறம் நின்று நூலைத் துண்டு செய்கின்றது. பாடத்திட்டத்தில் ஒரு காவியத்தின் ஒரு பகுதி இருக்கும். அப்பகுதியை மாணவர் நெட்டுருச் செய்வர்; அணி, பாத்திரப் பண்பு, கவிச்சுவை என்று தலைப்பிட்டு விடை எழுதுவர்; உயர்ந்த சித்தியும் பெறுவர். கண்ணகி மதுரையை எரித்தாள் என்பதை அறிந்த மாணவருட் பலர், அதன்பின் வஞ்சிக் காண்டம் என்று ஒரு காண்டம் முழுவதும் கிடக்கின்றது என்பதை அறியார். பரீட்சைக்குக் கற்பித்தல் எமது தொழில். அதனை இகழ்தல் எமக்குத் தகாது. ஆனால் தமிழில் ஒரு பெருநூலையேனும் முதலிலிருந்து முடிவுவரை ஓதாமல் ஒருவன் கல்லூரிப் படலையைத் தாண்டிச் செல்வானாயின், அவன் பெற்ற தமிழ் வாசற்படியோடு நின்ற தமிழே.

இதற்கு மருந்து தேடித் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. எம் ஊர்க் கோயில்களிலே உண்டு.

யாழ்ப்பாணத்துச் சைவாலயங்களிலே கந்தபுராண படனம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. இம்மண்ணின் வாழ்க்கை முறையைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் (1899–1986) கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு விளக்கியதும் இதனை உளங்கொண்டே. நூலின் முன்னே இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார்; மற்றவர் பயன் சொல்லுவார். படிப்பவர் செய்யுளை ஒரே மூச்சில் ஓட்டிவிடுவதில்லை. பொருள் முடியுமிடம் நோக்கிச் சொற்களைப் பிரித்தும் கூட்டியும் நிறுத்துவார். நிறுத்திய அளவுக்கு மற்றவர் உரை விரிப்பார். சுற்றியிருந்து கேட்போருள் முதியோர் சிலர் அந்நூலைப் பலமுறை கேட்டவர். ஒரு சொல் பிழைத்தால் அவர்கள் தலை நிமிரும். நாட்டோறும் இவ்வாறு சென்று, ஆறு காண்டங்களையும் கடந்து, இறுதியிலுள்ள வள்ளியம்மை திருமணப் படலம் படிக்கும் நாள் அவ்வூருக்கு ஒரு சிறப்பு நாளாகும்.

இம்முறையை ஆசிரியத் தொழிலின் கண்கொண்டு நோக்கினால் வியப்பே தோன்றுகின்றது. குறிக்கோள் ஒரே நூல். நாட்கூறு வரையறுக்கப்பட்டது. இன்று எவ்விடத்தில் நிறுத்தினோம் என்பதை ஊரே அறியும். ஆதலின் நாளை தொடராமல் விடுதல் இயலாது. காலத்துக்கு ஏற்ற நூலைத் தெரிதலும் உண்டு. மார்கழித் திருவெம்பாவைக் காலத்துச் சில நாட்களுக்குக் கந்தபுராணத்தை எடாமல் திருவாதவூரடிகள் புராணத்தை எடுப்பர். நாள் சிறிதாயின் நூலும் சிறிது. இவ்வளவு எளிய கணக்கை எம் மாணவர் செய்து பார்ப்பதில்லை.

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திலே நாளொன்றுக்கு நூறு செய்யுளாகப் பாடி முடித்தார் என்பது மரபு. நூலிலுள்ள செய்யுள் 10,345 என்பர். அவ்வாறாயின் பாடி முடித்தற்குச் சென்ற காலம் நூற்று நான்கு நாள்! யாம் படிப்பதற்கு ஓராண்டு எடுத்துக்கொண்டாலும் நாளுக்கு 29 செய்யுள் வீதம் 357 நாள் வேண்டும். தனியே இருந்து கற்கும் மாணவனுக்கு இது பெருஞ்சுமை. ஆதலின் அவனுக்கு ஏற்ற வேறு கணக்கொன்று சொல்வோம்.

பாடசாலைகளிலே நாளுக்கு ஒரு குறள் என்று கரும்பலகையில் எழுதுதல் உண்டு. பாடசாலை நடக்கும் நாள் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 எனக் கொண்டால் 1330 குறளும் முடிய ஆறரை ஆண்டுக்கு மேற் செல்லும். ஆறாம் வகுப்பிலே முதற் குறளைக் கண்ட மாணவன் கடைசிக் குறளைக் காண உயர்தர வகுப்பு வரையிற் காத்திருத்தல் வேண்டும். இது நூல் கற்கும் முறையன்று. பலகையை அழகு செய்யும் முறை. நாளுக்கு நான்கு குறள் ஓதுவானாயின் 333 நாளில் நூல் முற்றும். எஞ்சும் 32 நாளையும் தவணைப் பரீட்சைக்கும் காய்ச்சலுக்கும் விட்டுவிடலாம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நூலைத் தொடேன் என்பார்க்கும் இக்கணக்கிலே இடம் உண்டு. ஆனால் காய்ச்சலுக்கு ஏழு நாளே மிஞ்சும்.

காவியம் விரும்புவோர்க்குச் சிலப்பதிகாரம் மிக வாய்ப்பானது. மூன்று காண்டம், முப்பது காதை. காதை ஒன்றுக்குப் பன்னிரண்டு நாள் வைத்தால் 360 நாளில் முடியும். முதல் நான்கு நாள் உரையின்றி வாய்விட்டு ஓதுக. அடுத்த ஆறு நாள் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரையை வைத்துக்கொண்டு சொற்சொல்லாகப் பொருள் காண்க. எஞ்சிய இரு நாளில் நூலை மூடிவைத்து, அக்காதையின் பயனை ஒருவருக்குச் சொல்லுக. கொப்பி ஒன்று போதும்: தேதி, நிறுத்திய அடி, விளங்காத சொல் ஆகிய மூன்றையும் எழுதினாற் போதுமானது. சுருக்கம் எழுதுக, விமரிசனம் எழுதுக என்று யாம் சொல்லமாட்டோம். அவை வீட்டுவேலையை நினைப்பூட்டி மாணவனை ஓடச் செய்யும்.

ஒரு காதையிலே எவ்வளவு கிடக்கும் என்பதற்குச் சுவாமி விபுலானந்தரே சான்று. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்து, 1920ஆம் ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராய் அமர்ந்தவர் அவர். பின்னர் துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயினார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளே அவரைப் பிடித்துக்கொண்டன. அவ்வடிகளின் பொருளைத் தேடி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு இசைநூலும் கணிதமும் ஆராய்ந்தார். அதன் பயனாகிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். எம் மாணவன் அக்காதைக்குப் பன்னிரண்டு நாள் கொடுக்கத் தயங்குகின்றான்.

‘உத்தியோகம் பார்க்கின்றோம், வாசிக்க நேரமேது?’ என்று பழைய மாணவராகிய அன்பர்கள் வினாவக்கூடும். சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உத்தியோகம் பார்த்தவரே. கணக்காய்வும் நீதிபதிப் பதவியும் ஒருபக்கமிருக்க, தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடித் திரட்டி, வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். அவர் உலக வாழ்வை நீத்தது 1901ஆம் ஆண்டு தை முதல் நாள். புத்தாண்டுத் தீர்மானம் எழுதுவோர் அந்நாளில் அவரையும் ஒருகால் நினைத்தல் நன்று. அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் பிராங்கிளின், அச்சுத் தொழிலுக்கிடையே, 1731இல் நண்பர்களோடு தாம் தொடங்கிய சந்தா நூலகத்தின் துணையால் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கற்றதைத் தம் வரலாற்றிலே கூறியுள்ளார். நேரம் கிடைப்பதன்று, ஒதுக்குவது.

இன்னுமொன்று சொல்லவேண்டும். நூல் அருமையை எம்மைப் போற் கண்டவர் சிலரே. கே. எம். செல்லப்பா அவர்களின் முயற்சியால் 1934ஆம் ஆண்டு 844 நூல்களோடு தொடங்கிய யாழ்ப்பாண நூலகம், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் ஆலோசனையும் பெற்று வளர்ந்து, 1959இலே புதுக் கட்டடத்தில் ஒளிவிட்டது. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் அது தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. கட்டடம் மீள எழுந்து இன்று இயங்குகின்றது. 2005இலே தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணையத் தொகுப்பு ஈழத்து நூல்களை ஆயிரக்கணக்கில் எவரும் விலையின்றிப் படிக்க வைத்துள்ளது. ஆக, நூலில்லை என்று சொல்லும் காலம் கழிந்தது. இரங்கநாதன் அவர்கள் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்கொள்ளுதற்கே உரியன என்பது. தீயிற் போன நூலுக்காக ஆண்டுதோறும் கண்ணீர் விடுகின்றோம். அலுமாரியிலே இருக்கும் நூலை இறுதியாக எவர் எடுத்துச் சென்றார் என்று பார்ப்பதில்லை.

நிற்க, முன்னர்க் கூறிய புராண படன முறையிலே தனி வாசகனுக்கு வாயாத பகுதி ஒன்று உண்டு. அது பயன் சொல்லுதல். கொப்பியிலே நாட்கூறு எழுதுதல் எவர்க்கும் எளிது. எதிரேயிருந்து ‘இதன் பொருள் என்ன?’ என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கேட்பார் இல்லாத வாசிப்பே மாசியில் மடிகின்றது என்பது எமது துணிபு. வீட்டில் தாத்தாவோ அம்மம்மாவோ இருப்பின் அவரே தக்க துணை. தேவாரம் மட்டுமே அறிந்த மூதாட்டியாயினும், கதை கேட்கும் ஆவலால் அவர் தொடுக்கும் வினா பரீட்சை வினாவிலும் கூரியதாயிருக்கும். இல்லத்தில் அத்தகையோர் இல்லாத மாணவர் பலர். அவர்க்காகவே பழைய மாணவரை வேண்டுகின்றோம்.

கட்டட நிதிக்கும் துடுப்பாட்டத் திடலுக்கும் எம் பழைய மாணவர் வாரி வழங்குகின்றனர். அதற்குக் கல்லூரி கடப்பாடுடையது. யாம் கேட்பது பணமன்று. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம். இங்கே இரவு 7.30 ஆகும்போது மார்கழி, தை மாதங்களில் இலண்டனிலே பிற்பகல் 2 மணி. ரொறன்ரோவிலே காலை 9 மணி. ஞாயிற்றுக்கிழமையாயின் மூவிடத்தும் ஓய்வு நேரமே. கைத்தொலைபேசியில் மாணவன் ஓதட்டும். அன்பர் நிறுத்தி நிறுத்திப் பயன் கேட்கட்டும். ‘அண்ணை, இந்தச் சொல்லுக்கு எனக்கும் கருத்து விளங்கேல்லை, நீங்கள் பாருங்கோ’ என்று பையன் திருப்பிக் கேட்பானாயின், ரொறன்ரோவிலும் ஓர் அகராதி திறக்கப்படும். எம்முடைய முன்னோர் காலத்தில், 1842இலே, 58,500 சொற்களோடு வெளிவந்த யாழ்ப்பாண அகராதி இந்நாட்டிலே தோன்றியது என்பதை அன்பர்கள் தம் பிள்ளைகளுக்கும் அவ்வேளையிலே சொல்லலாம். அவர்களும் அருகிருந்து கேட்பின் பயன் சொல்லுவோர்க்கு அவை ஒன்று கூடிவிடும்.

நூலைத் தெரியும் உரிமை மாணவனுக்கே உரியது. விஞ்ஞானப் பிரிவு மாணவன் ஒருவன் உயிரியல் நூலொன்றையோ அறிஞர் வரலாற்றையோ தெரிவானாயின் தடையில்லை. அதற்கும் நாட்கூறு இட்டுக்கொள்க, பயன் கேட்க ஓர் ஆளைத் தேடிக்கொள்க. சேரவிரும்பும் மாணவர் நூலின் பெயர் ஒன்றை மட்டும் தாளில் எழுதி எம்மிடம் தரலாம், எண் எழுதவேண்டாம். பழைய மாணவர் தமக்கு வாய்ப்பான கிழமையையும் நேரத்தையும் கல்லூரி முகவரிக்கு எழுதுக. நூலைத் தெரிய இயலாமல் மயங்குவோர் சிலப்பதிகாரத்தை எடுத்து, முதற் காதையாகிய மங்கல வாழ்த்துப் பாடலைத் தை முதலாந் தேதி தொடங்கிப் பன்னிரண்டாந் தேதி முடிக்க.